புனோம் பென் சாலையில் ஓர் அறுபதாங் கண்ணாலம்

மைக் பஸ்ஸின் முன்சீட்டிலிருந்து கிளம்பிவிட்டது. இனி அது நிற்காது. சீட்டுச் சீட்டாக நகர்ந்து, ஆளாளுக்கு வாழ்த்து வாங்கிக்கொண்டு, கடைசியில் தன் கையில்தான் வந்து விழும் என்பது பூவாத்தாளுக்குத் தெரிந்து போயிற்று. கம்போங் தோம் என்கிற ஊரில் வண்டியை நிறுத்தி, திருச்செங்கோட்டிலிருந்து கூடவே கூட்டிவந்த சமையல்காரர் ஆக்கிப்போட்ட புளிசோறும் தயிர்சோறும் உள்ளே இறங்கி, பாதிப்பேர் கண்ணசரப் போன நேரம் பார்த்து டூர் மேனேஜர் சம்பத் எழுந்து கைதட்டினான். "அண்ணமாரே, அக்காமாரே, தூங்கிப்புடாதீங்க! சாங்காலம் புனோம் பென் ஓட்டல்ல நம்ம ராக்கியண்ணன் அண்ணனுக்கு அறுபதாங் கண்ணாலம். ஆளுக்கு ரெண்டு வார்த்தை வாழ்த்திப் பேசோணும். கடைசியாப் பொண்ணு பேசும்!" வண்டி ஓவென்று கத்தியது. பக்கத்தில் ஜன்னலோரத்திலிருந்து அவள் புருசன் ராக்கியண்ணன் எழுந்து நின்று நாலாபக்கமும் கும்பிட்டார். என்ன சிரிப்பு, என்ன பணிவு! கும்பிட்ட கையை இறக்கும்போதே முழங்கையால் அவள் விலாவில் ஒரு இடி. சிரி என்று அர்த்தம். சிரித்தாள். வெளியே செம்மண் புழுதி, வயல், வயலுக்கு நடுவே பனைமரம். நம்மூர்ப் பனையேதான், திமில் வைத்த வெள்ளை மாடும் நம்மூர் மாடேதான். இத்தனை கடல் தாண்டி வந்தும் வந்த இடத்தில் எல்லாம் அதுவாகவே இருந்தால் மனுசி எங்கேதான் போவாள். அறுபதாங் கண்ணாலத்துக்குத் தாலியை ஊரிலேயே செய்து எடுத்து வந்தாயிற்று, அவருடைய பெட்டியில் இருக்கிறது. எடுத்துக் கொடுக்க, கண்ணாலச் சீர் செய்துவைக்கிற அருமைக்காரர் ஒருத்தரும் வண்டியிலேயே மூன்றாவது சீட்டில் இருக்கிறார். ஐயரைத் தேட வேண்டாம், கோயிலைத் தேட வேண்டாம். பூவாத்தாள் கழுத்தை நீட்டினால் போதும்.

நீட்டுவதா? இதுதான் கேள்வி, இதைத் தவிர வேறு கேள்வியே இல்லை. காலையிலிருந்து மனசு இதையே செக்குமாடு மாதிரி சுற்றுகிறது. முதல் தடவை குனிந்தபோது ஒன்றும் தெரியாது. முகூர்த்தக்கால் வாசனை, புதுச்சேலை உறுத்தல், பசி, அவ்வளவுதான் ஞாபகம். அவர் முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை. தெரியாமல் குனிந்ததற்கு யாரும் அவளைக் குற்றம் சொல்ல முடியாது. இன்றைக்குத் தெரிந்து குனிந்தால்? வாங்கினதெல்லாம் சரி, இனி வாங்கப்போவதும் சரி என்று அவளே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடாதா? முன்னால் மைக்கில் யாரோ பொம்பளை பேசுகிறாள். "எங்கூட்டுக்காரருக்கு மூச்சு வாங்கி அந்தக் கோயில் படியில ஒக்காந்துட்டாருங்க. ராக்கியண்ணன் அண்ணன்தான் கையப் புடிச்சு, முதுகுல தாங்கி, மேல கூட்டிட்டுப் போனாரு. தங்கமான மனுசன். எங்கக்கா குடுத்து வெச்சவ!" ஆமாம், தங்கமான மனுசன். எல்லாருக்கும் இளநீர் வாங்கிக் கொடுக்கிறவர் அவர்தான், கிழவிகளின் பையைத் தூக்குகிறவர் அவர்தான். வண்டிக்குள் 'அம்மிணி' என்று கூப்பிடுவார், கேட்கிறவர்களுக்கு இனிக்கும். அறைக் கதவு சாத்தினதும் 'ஏம்புள்ள' ஆகிவிடும். அந்த 'ஏம்புள்ள' வருகிற தொனியிலேயே இன்றைக்குக் கையா, பெல்ட்டா என்று அவளுக்குத் தெரிந்துவிடும். இதில் வேடிக்கை என்னவென்றால் மனசுக்குள் வைகிறபோதும் அவளுக்கு 'அவரு', 'இவரு' என்றுதான் வருகிறது. "அடிக்கிற கைதான் அணைக்கும்பாங்க" என்று மைக்கில் இன்னொரு குரல். நல்லவள் யாரோ, வாய் நிறையச் சொல்கிறாள். அதைச் சொல்லிவைத்தவளை எவனும் அடித்திருக்க மாட்டான், அணைத்திருக்கவும் மாட்டான் என்று பூவாத்தாள் நினைத்தாள்.

எல்லாவற்றுக்கும் முந்தாநாள் பார்த்த அந்தச் சுவர்தான் காரணம். அங்கோர்வாட் கோயிலில் மற்றவர்கள் பாரதப் போரையும் அம்புப் படுக்கையில் கிடக்கிற பீஷ்மரையும் பார்த்து, 'அட நம்ம கதை, நம்ம கதை' என்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தபோது, அவள் வழி தப்பி அடுத்த பிராகாரத்துக்குப் போய்விட்டாள். எமன் எருமைமேல் உட்கார்ந்திருந்தான், உடம்பெல்லாம் கை. அவனுக்குக் கீழே நரகம். மூக்கில் கயிறு கோத்து இழுத்துக்கொண்டு போகிறார்கள். உடம்பு முழுக்க ஆணி அடித்திருக்கிறது. தலைமயிரைப் பிடித்துத் தரதரவென்று ஒருத்தியை இழுக்கிறான் ஒருத்தன். அந்தப் பிடி அவளுக்குத் தெரியும், பிடரிக்கு மேலே கொத்தாக, மயிர்க்கால் விண்விண்ணென்று தெறிக்கிற பிடி. கல்லில் செதுக்கினவனுக்கு எப்படித் தெரிந்தது? பார்த்திருப்பான், அல்லது பிடித்திருப்பான். அப்புறம் அவள் ஒன்று செய்தாள், நினைத்தால் இப்போதும் உடம்பு சூடேறுகிறது. பெண்டாட்டியை அடித்தவனுக்கு எந்த நரகம் என்று தேடினாள். ஒவ்வொரு வரிசையாக, பள்ளிக்கூடத்தில் பரீட்சை முடிவு பார்க்கிற மாதிரி விரல் வைத்துத் தேடினாள். கண்டுபிடிக்கத் தெரியவில்லை. சரி, நாமே வைப்போம் என்று ஆணி அடித்த ஆளுக்கு ராக்கியண்ணன் முகத்தை வைத்தாள். பொருந்தியது. முதல் ஆணி காதில், அடுத்தது முழங்கால் சில்லில், அப்புறம் ஒவ்வொரு விரல் நுனியிலும் பொறுமையாக ஒவ்வொன்று. சுத்தியலைத் தானே பிடித்தாள். ஐயோ, எத்தனை சுகமாக இருந்தது! கோயிலில் நின்றுகொண்டு ஒரு பொம்பளை நினைக்கிற நினைப்பா அது? இருக்கட்டுமே. பின்னாலிருந்து 'அம்மிணி' என்று குரல் வந்தது, எல்லாரும் வண்டியில் காத்திருக்கிறார்கள் என்று சிரித்துக்கொண்டே கூப்பிட்டார். அறைக்குப் போனதும் காக்க வைத்ததற்குக் கணக்குத் தீர்ந்தது. சுண்டுவிரல் இப்போதும் வீங்கித்தான் இருக்கிறது. கேட்டவர்களிடம் பாத்ரூமில் வழுக்கிவிட்டது என்று சொன்னாள்.

வாழ்க்கையெல்லாம் வழுக்கியே விழுந்த பொம்பளை! உதடு கிழிந்தால் பாத்ரூம், மணிக்கட்டு பிசகினால் பாத்ரூம், கண் கறுத்தால் பாத்ரூம் குழாய். ஊரில் அக்கம்பக்கத்துப் பொம்பளைகள், 'ஏனுங்க்கா, அந்தக் கல்லை மாத்தப்படாதா' என்று கேட்கப்போக, அவர் நிஜமாகவே ஆளைக் கூப்பிட்டுச் சொரசொரப்புக் கல்லாக மாற்றிப் போட்டார். எம்பொண்டாட்டி வழுக்கி வழுக்கி உழுகறா, மனசு கேக்கலீங்க என்று கல் கடைக்காரனிடம் அவர் சொன்னதைத் தெருவே மெச்சியது. அதற்குப் பிறகும் அவள் வழுக்கி விழுந்தாள். வேறு எங்கே போய் விழுவது? இடது காது போனதும் அப்படித்தான். போர்க்கிணறு தோண்டுகிற ரிக் வண்டி தரையில் ஓட்டை போடும்போது ஒரு சத்தம் வருமே, பூமியின் பல்லைப் பிடுங்குகிற மாதிரி, அந்தச் சத்தம் ஒரே அறையில் காதுக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டது. பிறகு அதுவும் அடங்கி, அந்தப் பக்கம் உலகமே இல்லாமல் போயிற்று. கூப்பிட்டால் பதில் சொல்லவில்லை என்று அதற்கும் அடித்தார். காது கேட்கவில்லை என்று அவள் சொல்லவே இல்லை, இதுவரை சொல்லவில்லை. வண்டியில் தினமும் இடதுகை வரிசை பார்த்து, அவரை ஜன்னலோரம் விட்டு உட்கார்கிறாள். அவர் பக்கம் செவிடாக இருப்பது எத்தனை நிம்மதி என்று யாரிடம் சொல்வது. அப்புறம் அந்த இரண்டாவது பிள்ளை. வேண்டாம், அதை நினைக்க வேண்டாம். நினைக்காமல் இருக்க முடிகிறதா? மனசு அங்கேதான் போய் முட்டுகிறது, முள்ளில் மாட்டின சேலை மாதிரி. தோட்டத்துத் தொட்டியடியில், சொல்லாமல் சித்தப்பன் வீட்டுக்குப் போய்வந்ததற்கு, வயிற்றைப் பார்த்தே உதைத்தார். வழிந்ததைத் தொட்டித் தண்ணீரை மொண்டு ஊற்றிக் கழுவினதும் அவள்தான். பொம்பளைப் பிள்ளை என்று ஆஸ்பத்திரி ஆயா மெல்லச் சொன்னாள். பெரியவன் செந்தூரன் அந்த நாளில் உள்ளே டிவியில் சத்தம் கூட்டிவைத்தான். அடி விழுகிறபோதெல்லாம் சத்தம் கூட்டுவான், நின்றதும் குறைப்பான். பாவம், அவன் என்ன செய்வான். இப்போது பெங்களூரில் பெரிய வேலை, இந்த டூருக்குப் பணம் கட்டினதும் அவன்தான். "சந்தோசமாப் போயிட்டு வாம்மா" என்றான். சந்தோசமாம்! இவனுக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்துதான் இன்னும் சத்தத்தைக் கூட்டிவைத்திருக்கிறான்.

மைக் நடுவண்டிக்கு வந்திருந்தது. பேச ஆள் யோசிக்கிற இடைவெளியில் சம்பத், கைடு வுத்தியைப் பிடித்து எழுப்பினான். வுத்தி இந்த ஊர்க்காரன், நாற்பதைத் தாண்டின ஆள், மெலிந்த உடம்பு, இங்கிலீசில் சொல்வதைச் சம்பத் தமிழில் சொல்வான். உங்க நாட்டுல கண்ணாலம் எப்படி என்று கேட்டான் சம்பத். வுத்தி தன் அம்மா கண்ணாலத்தைச் சொன்னான். பொல்பாட் காலம். ஊர் ஊராகச் சனத்தைக் காட்டுக்கும் வயலுக்கும் ஓட்டின காலம். ஒரு நாள் வயலிலிருந்து கூப்பிட்டு, ஆம்பளைகளை ஒரு வரிசை, பொம்பளைகளை ஒரு வரிசை நிறுத்தினார்கள். எதிரே நிற்கிறவன்தான் புருசன். முகம் தெரியாது, பேர் தெரியாது. மாட்டேன் என்றால் கொண்டுபோய்விடுவார்கள், போனவர்கள் திரும்பினதில்லை. கையைப் பிடிக்கச் சொன்னார்கள், பிடித்தார்கள். சம்பத் இதைச் சொல்லி முடித்ததும் பின்சீட்டில் ஒருத்தர், "அட, நம்மூருலயும் இதேதானப்பா! எனக்கு மட்டும் மொகந் தெரிஞ்சா கட்டுனாங்க?" என்றார். வண்டி குலுங்கக் குலுங்கச் சிரித்தது. பொம்பளைகளும் சிரித்தார்கள், கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார்கள். வுத்தி சிரிக்கவில்லை. ராத்திரி, கால் நட்டு உயர்த்திக் கட்டின வீட்டுக்கடியில் ஆள் படுத்து, சேர்ந்திருக்கிறார்களா என்று ஒட்டுக் கேட்பார்கள் என்றான். அதற்கும் சிரிப்பு. பிறகு அவன் சின்னதாக இன்னும் ஒன்று சொன்னான். சம்பத் ஒரு கணம் விழித்துவிட்டு, "அப்பறம் அவங்க நல்லபடியா வாழ்ந்தாங்களாம், கைதட்டுங்க!" என்றான். தட்டினார்கள். நடைபாதைக்கு அந்தப் பக்கச் சீட்டில் இருந்த கோகிலவாணி டீச்சர், ரிட்டையராகி மகளோடு டூர் வந்தவர், பூவாத்தாள் பக்கம் சாய்ந்து மெல்லச் சொன்னார். "அப்படிச் சொல்லலீங்க அந்தப் பையன். பொல்பாட் ஆளுக ஓடிப்போனாங்கன்னு தெரிஞ்ச அன்னிக்கே, அவங்கம்மா இவனைத் தூக்கி இடுப்புல வெச்சுக்கிட்டு நடந்துட்டாங்களாம். அந்தாளு அடிக்கக்கூட இல்லியாம். பிடிச்ச கையை விடோணும்னு மட்டும் தோணுச்சாம். நல்ல நாளும் அதுவுமா எதுக்குன்னு சம்பத்து மாத்திட்டான்."

அடிக்கக்கூட இல்லையாம்! அதுவே பூவாத்தாள் மனசில் திரும்பத் திரும்ப ஓடியது. அடிக்காதவனையே விட்டுவிட்டு ஒருத்தி நடந்திருக்கிறாள், இடுப்பில் பிள்ளையோடு, செத்தவர்கள் கிடக்கிற ரோட்டில், சோறு எங்கே தண்ணீர் எங்கே என்று தெரியாமல். இதே ரோடாகக்கூட இருக்கலாம். பிடித்த கையை விட வேண்டும் என்று தோன்றினதே போதுமானதாக இருந்திருக்கிறது அவளுக்கு. தனக்கு எத்தனை வேண்டியிருக்கிறது? காது போதவில்லை, பிள்ளை போதவில்லை. அவளுக்கு விடத் தோன்றினதே இல்லை, கொல்லத்தான் தோன்றியிருக்கிறது. குடித்துவிட்டு மல்லாந்து கிடந்தவர் தலைக்கு மேலே ஒரு தடவை ஆட்டுக்கல் குழவியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். நெற்றி எங்கே, நெற்றிப்பொட்டு எங்கே என்று பார்த்து, போடுகிற இடத்தைக்கூட முடிவு செய்துவிட்டாள். மண்டை உடைகிற சத்தம் தேங்காய்ச் சத்தமாக இருக்குமா, பூசணிச் சத்தமாக இருக்குமா என்றெல்லாம் யோசித்தாள். கை கடுத்துப்போய் இறக்கிவைத்தாள். காலையில் அதே குழவியில் சட்னி அரைத்தாள், இன்னிக்குச் சட்னி நல்லாருக்குதே என்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். போட்டிருக்க வேண்டும். போடாமல் விட்டதற்கு எத்தனையோ நாள் அழுதிருக்கிறாள், அடி வாங்கினதற்குக்கூட அப்படி அழுததில்லை. இல்லை இல்லை, நல்லவேளை போடவில்லை. செந்தூரனுக்கு யார் சோறு போடுவது? இப்படித்தான், இந்த இரண்டுக்கும் நடுவிலேயே தலை நரைத்துவிட்டது. சாயங்காலம் அருமைக்காரர் தாலியை எடுத்து நீட்டுவார். வாங்குகிற அந்தக் கையில் கட்டை விரலடியில் ஒரு தழும்பு இருக்கிறது, ஒரு நாள் தாங்கமாட்டாமல் அவள் கடித்தது. அந்தக் கை பின்கழுத்துக்கு வரும். முடிச்சுப் போடுகிற சாக்கில் மயிரைச் சுண்டி இழுக்கும், நீ எங்கேயும் போக முடியாது என்று சொல்கிற மாதிரி. சுற்றி நின்று பூப் போடுவார்கள், அப்புறம் கேசரி. அப்புறம் எழுபதாம் கண்ணாலம், எண்பதாம் கண்ணாலம். மனுசன் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறார், நூறு வரைக்கும் இருப்பார். இறங்கி ஓடிவிடலாமா? எங்கே? பாஸ்போர்ட் அவர் இடுப்புப் பையில். மாட்டேன் என்றால் என்ன ஆகும்? அறைக்குப் போனால் என்ன ஆகும்? தெரியாத ஊர், தெரியாத பாஷை, வழுக்கி விழுந்தாள் என்று சொல்ல இங்கேயும் பாத்ரூம் இருக்கிறது. பயமாகத்தான் இருந்தது. பயத்துக்கு அடியில், இத்தனை நாள் இல்லாத ஒரு பிடிவாதமும் கிடந்தது. அது எப்போது வந்து உட்கார்ந்தது என்று அவளுக்கே தெரியவில்லை.

கடைசி ஆளாக அவர்களுக்கு முன்சீட்டுக்காரர் பேசி முடித்தார். கல்லானாலும் கணவன் என்று முடித்தார். கைதட்டல். ராக்கியண்ணன் ஏசி குளிருகிறது என்று சால்வையை எடுத்து இரண்டுபேர் மடிமேலும் விரித்தார். "பாருடி, என்ன ஆசையின்னு!" என்று ஒருத்தி சொன்னாள். மைக்கை அவர் வாங்கிக்கொண்டு, எல்லாருக்கும் நன்றி சொல்லி, எல்லாத்துக்கும் அம்மிணிதான் காரணம், அவ இல்லைன்னா நானில்லை என்று தழுதழுத்தார். தழுதழுப்புக் கூட வருகிறது பார்! சம்பத் அவரிடம் முன்பே சொல்லிவைத்திருந்தான் போல, சாப்பாட்டுக்கு நிறுத்தின இடத்தில், கை கழுவும்போதே பாடம் சொல்லிக் கொடுத்துவிட்டார், மறுசென்மத்துலயும் இவரே புருசனா வரோணும்னு சொல்லு, வேற ஒண்ணும் ஒளறாதே என்று. மைக்கை அவள் கையில் வைத்தார். பூவாத்தாள் உட்கார்ந்தபடியே அதை வாய்க்குக் கொண்டுபோனாள்.

"எல்லாத்துக்கும் வணக்கமுங்க." தன் குரல் தலைக்கு மேலே பெரிசாக வந்தது அவளையே திடுக்கிட வைத்தது. "எனக்கு இந்தக் கண்ணாலம் வேண்டாமுங்க."

வண்டி கொல்லென்று சிரித்தது. விசில் அடித்தார்கள். "பொண்ணுக்கு வெக்கம் வந்துருச்சு!" "அக்கா, இந்த வயசுல என்னக்கா வெக்கம்!" என்றான் சம்பத். ராக்கியண்ணன் எல்லாரையும்விடப் பெரிதாகச் சிரித்தார். சிரித்துக்கொண்டே சால்வைக்கு அடியில் அவளுடைய இடது கையைத் தேடிப் பிடித்தார். வீங்கின விரலைத் தனியாகப் பிரித்தெடுத்தார். மெல்லப் பின்னால் வளைக்க ஆரம்பித்தார். வலி தோள் வரைக்கும் ஏறியது, கண்ணில் பூச்சி பறந்தது. பழக்கம் அவளைச் சிரிக்கச் சொன்னது. இப்போது சொல்லிவிடு, மறுசென்மத்துலயும் இவரே என்று சொல்லிவிடு, விட்டுவிடுவார். வாய் அதற்குத் திறக்கவும் செய்தது. ஆனால் வந்தது அது இல்லை.

"வெக்கமில்லீங்க. இவரு இப்ப எம்பட வெரலைப் பொறகால மடக்கீட்டு இருக்காருங்க. சால்வைக்கடியில. ஒடியப் போகுதுங்க."

பாதிச் சிரிப்பில் சிலர் நின்றார்கள், சிலர் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். கோகிலவாணி டீச்சர் எட்டிச் சால்வையை இழுத்தார். அது கீழே விழுந்தது. ராக்கியண்ணன் கை சட்டென்று விலகத் தெரியாமல் அந்தப் பிடியிலேயே இருந்தது. எட்டிப் பார்த்தவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். "அட, வெளையாட்டுக்குங்க, சும்மா வெளையாட்டுக்கு" என்று அவர் கையை எடுத்தார். வுத்தி திரும்பிப் பார்த்தான். அவனுக்குத் தமிழ் தெரியாது, ஆனால் சம்பத்திடம் என்ன என்று கேட்கவும் இல்லை. மூன்றாவது சீட்டிலிருந்து அருமைக்காரர் தொண்டையைக் கனைத்தார். "சம்பத்து, மைக்கை வாங்குப்பா. ஊட்டு விசயத்தை ஊட்டுல பேசிக்கட்டும்."

சம்பத் எழுந்து வந்து கையை நீட்டினான். பூவாத்தாள் மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். வீங்கின விரல் மடங்கவில்லை, அது தனியாக நீட்டிக்கொண்டிருந்தது.

"வாங்காதீங்க தம்பி, போயி ஒக்காருங்க." பிறகு முன்னால் பார்த்துச் சொன்னாள். "மாமா, சாங்காலம் தாலி எடுத்துக் குடுக்க வந்த கையி உங்களுது. அதனால நீங்களும் கேட்டுக்கோணும். மொதோ அடியில இருந்து சொல்றேனுங்க. ஊரு வர இன்னும் நேரங் கெடக்குது."